இமயமலையைத் தாண்டற வரித்தலை வாத்து, அதை அளந்த ஆராய்ச்சியாளர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை ஆராய்ச்சின்னா என்ன, பைனாகுலர் வெச்சு எண்ணிக்கிட்டு இருக்கறதா?

எண்ணறதும் அதுல சேர்த்திதான், ஆனா அது ஆரம்பம். ஒரு பறவை எந்த ஏரியில இருக்கு, எதைத் தின்னுது, எங்க போய் குஞ்சு பொரிக்குதுன்னு பாக்கறவங்க சூழலியல் ஆளுங்க. எப்போ கிளம்புது, கூட்டத்துல யார் பின்னாடி பறக்குது, எந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்குதுன்னு பாக்கறவங்க நடத்தையியல் ஆளுங்க. ரெக்கையை ஒரு தடவை அடிக்க எவ்ளோ சக்தி ஆகுது, காத்து எந்தப் பக்கம் தள்ளுது, தசை எவ்ளோ இழுக்குதுன்னு கணக்குப் போடறவங்க பயோமெக்கானிக்ஸ் ஆளுங்க. சில பறவைகள்ல இந்த மூணு கூட்டமும் ஒண்ணா உக்காந்தாத்தான் ஒரு விடையாவது கிடைக்கும். வரித்தலை வாத்து அப்படி ஒரு பறவை, அதனால இந்தப் பக்கம் முழுக்க அதை வெச்சுத்தான் சொல்லப் போறேன். நம்ம திருநெல்வேலி பக்கம் வரைக்கும் வர்ற பறவைங்கறது இன்னொரு காரணம்.

எது வரித்தலை வாத்து? எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறது?

சாம்பல் நிறம், வெள்ளைத் தலை, தலைக்குப் பின்னாடி குறுக்கால ரெண்டு கருப்புப் பட்டை. மஞ்சள் அலகு, மஞ்சள் கால். எடை 2 கிலோவுல இருந்து 3 கிலோ வரைக்கும் இருக்கும். பட்டைத்தலை வாத்துன்னும் எழுதுவாங்க. மங்கோலியா, திபெத், சீனாவோட சிங்ஹாய், கிர்கிஸ்தான், நம்ம லடாக் இங்கெல்லாம் உயரமான ஏரிகள்ல கோடையில குஞ்சு பொரிக்கும், குளிர்காலத்துக்கு இந்தியா மாதிரி தெற்கு நாடுகளுக்கு இறங்கி வரும்.

எவரெஸ்ட் சிகரத்துக்கு மேலேயே பறக்குதாமே, உண்மையா?

எல்லாரும் முதல்ல கேக்கறது இதைத்தான். இந்தக் கதை வந்த வழி சுவாரசியமானது. 1954-ல எவரெஸ்டுக்குப் பக்கத்துல இருக்கற மகாலு மலைக்குப் போன அமெரிக்கக் குழுவுல லாரன்ஸ் ஸ்வான்னு ஒரு உயிரியலாளர் இருந்தாரு, அவர் ராத்திரி நேரத்துல தலைக்கு மேல எங்கேயோ உயரத்துல வாத்துங்க கத்திக்கிட்டுப் போறதைக் கேட்டதா பிற்பாடு எழுதினாரு. அது அப்படியே பரவி, இந்த வாத்து உலகத்தோட உச்சியிலேயே பறக்குதுன்னு பாடப்புத்தகம் வரைக்கும் போயிடுச்சு. சத்தம் கேட்டது உண்மையாவே இருக்கலாம், ஆனா இருட்டுல கேட்ட சத்தத்தை வெச்சு உயரத்தை அளக்க முடியாதே.

அப்புறம் அரை நூற்றாண்டு கழிச்சு, வாத்து முதுகுல ஜிபிஎஸ் கட்டி அனுப்பினாங்க. அந்த வேலையோட முடிவை லூசி ஹாக்ஸ், சார்லஸ் பிஷப் இவங்க குழு 2013-ல வெளியிட்டாங்க, அவங்க பதிவு பண்ணின ஆக அதிக உயரம் 7,290 மீட்டர். பதிவான இடங்கள்ல 95 சதவீதம் சுமார் 5,500 மீட்டருக்குக் கீழதான் இருந்துச்சு. எவரெஸ்ட் 8,849 மீட்டர், அப்போ பெரும்பாலான நேரம் இந்த வாத்துங்க சிகரங்களுக்கு மேல இல்ல, சிகரங்களுக்கு நடுவுல இருக்கற கணவாய் வழியா, தரையை ஒட்டித்தான் போகுது. சிலருக்கு இதைக் கேட்டா ஏமாத்தமா இருக்கும். எனக்கு அப்படித் தோணல, ஏன்னா சும்மா உயரமா பறக்கறதை விட, எங்க உயரணும் எங்க இறங்கணும்னு கணக்கா பறக்கறதுதான் பெரிய விஷயம், கீழ வர்ற பதில்கள்ல அது புரியும்.

உயரத்துல பறக்கறதுல அப்படி என்ன கஷ்டம்?

ரெண்டு கஷ்டம், ரெண்டும் ஒரே நேரத்துல வரும், அதான் கொடுமை. 5,500 மீட்டர் உயரத்துல காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கறதுல பாதி, அதாவது ஒரு மூச்சுக்குக் கிடைக்கற ஆக்சிஜனும் பாதி. அதே சமயம் காத்து லேசாயிடறதால ரெக்கைக்குப் பிடிமானம் குறையுது, கீழ ஒரு அடி அடிச்சா கிடைக்கற தூக்குவிசை மேல கிடைக்காது, அதை ஈடுகட்ட இன்னும் வேகமாவோ இன்னும் பலமாவோ அடிக்கணும். ஆக தேவை கூடுது, வரவு குறையுது. நாம அந்த உயரத்துல நடந்தாலே மூச்சு வாங்கும், இதுவோ ரெக்கை அடிச்சுப் பறக்குது, பறவைகளோட வேலையிலேயே ஆக அதிக சக்தி செலவாகற வேலை அதுதான்.

கழுகு மாதிரி மிதந்துக்கிட்டே போகலாமே?

மிதக்கறதுக்கு எடைக்கு ஏத்த அகலமான ரெக்கை வேணும். வாத்தோட உடம்பு கனம், ரெக்கை ஒடுக்கம். இந்த இனத்துக்கு மத்த வாத்துகளை விட ரெக்கைப் பரப்பு கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் வழி நெடுக அடிச்சுக்கிட்டேதான் போயாகணும்.

இதையெல்லாம் எப்படி அளந்தாங்க? வாத்தை எப்படிப் பிடிப்பாங்க?

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

வாத்துங்க வருஷத்துக்கு ஒரு தடவை ரெக்கையில இருக்கற பெரிய இறகுகளை எல்லாம் ஒரே சமயத்துல உதிர்த்துடும், புது இறகு முளைக்கற வரைக்கும் சில வாரம் பறக்கவே முடியாது. மங்கோலியாவுல தெர்கின் சகான்னு ஒரு ஏரி இருக்கு, ஜூலை மாசம் அங்க வாத்துக் கூட்டம் இப்படிப் பறக்க முடியாம தண்ணியில இருக்கும், அந்த நேரம் பாத்து ஆராய்ச்சியாளர்கள் தண்ணியில ஓட்டி, கரையில கட்டின வலைக்குள்ள கொண்டு வருவாங்க. மங்கோலிய விஞ்ஞானிகளும் வெளிநாட்டு ஆளுங்களும் சேர்ந்து செஞ்ச வேலை இது.

பிடிச்ச பிறகு ரெண்டு வழி இருக்கு. முதல் வழி, முதுகுல சோலார்ல ஓடற ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரைக் கட்டி விடறது, அது எங்க இருக்குன்னு சேட்டிலைட் வழியா சொல்லிக்கிட்டே இருக்கும், பறவையைத் திரும்பப் பிடிக்க வேண்டியதில்ல. ஆனா அதுல உயரமும் இடமும்தான் தெரியும், அதுவும் விட்டு விட்டுத்தான் கிடைக்கும், உள்ள இதயம் என்ன பாடு படுதுன்னு தெரியாது. அதனால பிஷப் குழு ரெண்டாவது வழிக்குப் போனாங்க. கால்நடை டாக்டர் மயக்க மருந்து குடுத்து, வாத்தோட வயித்துக்குள்ள ஒரு டேட்டா லாகரை ஆபரேஷன் பண்ணி வெச்சாங்க. அது இதயத்துடிப்பைப் பதிவு பண்ணும், ரெக்கை அடிக்கும்போது உடம்பு எவ்ளோ குலுங்குதுன்னு பதிவு பண்ணும், காத்தழுத்தத்தைப் பதிவு பண்ணும், அழுத்தத்தை வெச்சு உயரத்தைக் கணக்கிடலாம். சிக்கல் என்னன்னா இது எதையும் சேட்டிலைட்டுக்கு அனுப்பாது, எல்லாத்தையும் உள்ளேயே வெச்சுக்கும். அதே வாத்து இந்தியப் பக்கம் வந்து, குளிர்காலம் கழிச்சு, இமயமலையைத் திரும்பத் தாண்டி, அதே ஏரிக்கு அடுத்த வருஷம் வந்து, இவங்க கையில மறுபடி மாட்டினாத்தான் டேட்டா. வேட்டைக்காரன், நோய், நரி, பனிப்புயல்னு எத்தனையோ இருக்கற பாதையில போன பறவைக்காக ஒரு வருஷம் காத்திருக்கறது எவ்ளோ பெரிய நம்பிக்கை பாருங்க. போனதுல எல்லாம் கிடைக்கல, ஆனா கிடைச்சது போதுமானதா இருந்துச்சு.

ஆபரேஷன்லாம் பண்றாங்களே, பறவைக்கு இது கொடுமை இல்லையா?

நியாயமான கேள்வி, ஆராய்ச்சியாளர்களே தங்களுக்குள்ள விவாதிக்கற கேள்வியும் கூட. வெளியில கட்டற கருவிக்குப் பொதுவா ஒரு வரம்பு வெச்சிருக்காங்க, பறவையோட எடையில 3-ல இருந்து 5 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. 2 கிலோ வாத்துன்னா 3 சதவீதம் 60 கிராம். ஆனா எடை மட்டும் பிரச்சினை இல்ல, முதுகுல ஒரு பொட்டி இருந்தா அதுல காத்து மோதிப் பின்னுக்கு இழுக்கும், நீண்ட தூரம் பறக்கற பறவைக்கு அது பெரிய தொந்தரவு. அதனாலதான் உள்ள வெக்கறது பல சமயம் பரவாயில்லைன்னு ஒரு தரப்பு சொல்லுது. அனுமதி, மயக்க மருந்து, டாக்டர், ஆபரேஷனுக்கு அப்புறம் கண்காணிப்பு எல்லாம் இருந்தாத்தான் செய்ய விடுவாங்க. என் கருத்தைக் கேட்டா, ஒரு நல்ல கேள்வி கையில இல்லாம, சும்மா மேப்ல ஒரு கோடு பாக்கறதுக்காக எந்தப் பறவை மேலயும் எதையும் கட்டக்கூடாது. இங்க கேள்வி இருந்துச்சு, வேற எந்த வழியிலயும் அதுக்கு விடை கிடைக்காதுங்கறதும் தெளிவா இருந்துச்சு.

அந்த டேட்டாவுல என்ன தெரிஞ்சுச்சு?

2015-ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு, ரோலர் கோஸ்டர்னு பேர் வெச்சாங்க. எல்லாரும் நினைச்சது என்னன்னா, வாத்து ஒரே மூச்சுல மேல ஏறி, அந்த உயரத்தை அப்படியே வெச்சுக்கிட்டு, மலை முடிஞ்சதும் இறங்கும்னு. ஏறினதை விட்டுட்டா மறுபடி ஏறணுமே, அது வீண் செலவுதானேன்னு நமக்கும் தோணும். ஆனா நடந்தது வேற. தரை எப்படி ஏறி இறங்குதோ அதே மாதிரி வாத்தும் ஏறி இறங்குது, பள்ளத்தாக்கு வந்தா கஷ்டப்பட்டு ஏறின உயரத்தை விட்டுட்டு உள்ள இறங்குது, அடுத்த மேடு வந்தா மறுபடி ஏறுது.

இதுக்கு விளக்கம் ரெக்கையிலதான் இருக்கு. உயரம் கூடக் கூட ரெக்கையை அடிக்கற வேகமும் கொஞ்சம் கொஞ்சமா கூடுது, ஆனா அந்த கொஞ்சத்துக்கே செலவு எகிறுது. ரெக்கையடி 5 சதவீதம் கூடினா இதயத்துடிப்பு 19 சதவீதம் கூடுது, பறக்கற செலவு சுமார் 41 சதவீதம் கூடுதுன்னு கணக்கிட்டாங்க. எதிர்காத்துல சைக்கிள் மிதிக்கும்போது கொஞ்சம் வேகத்தைக் கூட்டினாலே தொடை எரியுமே, அந்த மாதிரி. அப்போ லேசான காத்துல மேலேயே தொங்கிக்கிட்டு இருக்கறதை விட, கீழ அடர்த்தியான காத்துக்கு வந்துட்டு மறுபடி ஏறறதுதான் மொத்தத்துல லாபம்.

அந்தப் பயணங்கள்ல இதயத்துடிப்பு சராசரியா நிமிஷத்துக்கு 328 தான், 450-ஐத் தாண்டினது ரொம்ப அபூர்வம். முழு பலத்தையும் போட்டு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பறக்கல, கையிருப்பு வெச்சுக்கிட்டுப் பறக்குது. சில இடங்கள்ல வேகமா மேல ஏறும்போதும் இதயத்துடிப்பு குறைவாவே இருந்துச்சு, மலைச்சரிவுல மோதி மேல எழும்பற காத்தை அங்க பயன்படுத்தியிருக்குன்னு அர்த்தம்.

மலைக்காத்து பகல்லதானே மேல தள்ளும், அப்போ பகல்லதான் ஏறுமா?

அப்படித்தான் எல்லாரும் எதிர்பாத்தாங்க. இமயமலையில பகல்ல வெயில் ஏற ஏற பள்ளத்தாக்குல இருந்து மேல் நோக்கி பலமா காத்து வீசும், ராத்திரி அடங்கி கீழ் நோக்கித் திரும்பும். ஓசியில கிடைக்கற காத்தை எந்தப் பறவையும் விடாதுன்னு நினைச்சாங்க. 2011-ல வந்த ஹாக்ஸ் குழுவோட ஆய்வு அதைத் தலைகீழா ஆக்குச்சு. வாத்துங்க பெரும்பாலும் ராத்திரியிலயும் விடியக்காலையிலயும் ஏறுது, பின்காத்து உதவி இல்லாமலே, 4,000-ல இருந்து 6,000 மீட்டர் உயரத்தை 7-8 மணி நேரத்துல ஏறி ஒரே நாள்ல மலையைத் தாண்டுது. ராத்திரி காத்து குளிர்ந்து அடர்த்தியா இருக்கும், ரெக்கைக்கும் பிடிமானம், மூச்சுக்கும் ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதலா கிடைக்கும். பகல் காத்து தள்ளிவிடும்தான், ஆனா மலைக்கு நடுவுல அது கொந்தளிப்பாவும் இருக்கும், கணவாயில தரையை ஒட்டிப் போற கனமான பறவைக்கு அது ஆபத்து.

உடம்புல ஏதாவது விசேஷம் இருக்கா?

நிறைய இருக்கு. பொதுவாவே பறவைங்க நுரையீரல்ல காத்து ஒரே திசையிலதான் ஓடும், நம்மள மாதிரி உள்ள போன வழியிலேயே திரும்ப வராது, அதனால ஆக்சிஜனைப் பிடிக்கற திறன் அதிகம். இந்த வாத்துக்கு அதுக்கு மேலயும் சில சங்கதி. நுரையீரல் மத்த வாத்துகளை விடப் பெருசு, ஆக்சிஜன் குறைஞ்சா இன்னும் ஆழமா மூச்சு இழுக்கும். ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கற ஹீமோகுளோபின் சங்கிலியில ஒரு இடத்துல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கு, அதனால ஆக்சிஜனை இன்னும் இறுக்கமாப் பிடிக்குது. பறக்கற தசையில ரத்த நுண்குழாய் அதிகம், செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியாவும் அந்தக் குழாய்ங்களுக்குப் பக்கமா நகர்ந்து உக்காந்திருக்கு, ஆக்சிஜன் போக வேண்டிய தூரம் குறைவு. கனடாவுல கிரஹாம் ஸ்காட், பில் மில்சம் இவங்க குழு இதுல நிறைய வேலை பண்ணியிருக்காங்க.

வாத்துக்கு மாஸ்க் போட்டுப் பறக்க வெச்சாங்களாமே?

ஆமா, வான்கூவர்ல பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல. இமயமலையில பறக்கற வாத்தோட ரத்தத்தை யாரும் போய் அளக்க முடியாது, அதனால உயரத்தை லேபுக்குக் கொண்டு வந்தாங்க. ஜெசிகா மெயர்ங்கற ஆராய்ச்சியாளர் அமெரிக்காவோட வட கரோலினாவுல ஒரு பறவைப் பூங்காவுல வாத்து முட்டைகளைப் பொரிக்க வெச்சு, குஞ்சு கண்ணைத் திறந்ததும் முதல்ல தன்னைப் பாக்கற மாதிரி பண்ணினாங்க. வாத்துக் குஞ்சு முதல்ல பாக்கறதைத் தாயா எடுத்துக்கும், அப்புறம் அவங்க எங்க போனாலும் பின்னாடியே வரும். பறக்கக் கத்துக்கற வயசுல இவங்க வண்டியில போக, குஞ்சுங்க பக்கத்துலயே பறந்து வந்துச்சு. அப்புறம் விண்ட் டனல், அதாவது எதிர்ல இருந்து காத்தை வேகமா ஊதற ஒரு பெரிய கூடம், அதுக்குள்ள வாத்து ஒரே இடத்துல பறந்துக்கிட்டு இருக்கும். மூஞ்சியில ஒரு மாஸ்க், அது வழியா முதல்ல சாதாரண 21 சதவீத ஆக்சிஜன், அப்புறம் 10.5, அப்புறம் 7 சதவீதம். கடைசி அளவு கிட்டத்தட்ட 9,000 மீட்டர் உயரத்துக்குச் சமம்.

சில வாத்துங்க அதுலயும் பறந்துச்சு, கொஞ்ச நேரம்தான், ஆனா பறந்துச்சு. அதை விட ஆச்சரியம், ஆக்சிஜன் குறைஞ்சப்போ இதயத்தைக் கன்னாபின்னான்னு அடிக்க விடல, உடம்போட செலவைக் குறைச்சுக்குச்சு. இதயத்துக்குத் திரும்பற ரத்தத்தோட வெப்பமும் குறைஞ்சுச்சு, ரத்தம் குளிர்ந்தா ஹீமோகுளோபின் இன்னும் அதிகமா ஆக்சிஜனைப் பிடிக்கும். இந்த ஆய்வு 2019 செப்டம்பர்ல வெளிவந்துச்சு, அதே மாசம் ஜெசிகா மெயர் நாசா விண்வெளி வீராங்கனையா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பினாங்க, அக்டோபர் 18-ம் தேதி கிறிஸ்டினா கோக்கோட சேர்ந்து பெண்கள் மட்டுமே போன முதல் விண்வெளி நடையும் நடந்தாங்க.

இதுதான் உலகத்துலயே உயரமா பறக்கற பறவையா?

இல்ல. 1973-ல ஐவரி கோஸ்ட் பக்கம் ஒரு ரூப்பெல் பிணந்தின்னிக் கழுகு சுமார் 11,300 மீட்டர்ல விமானத்துல மோதிச்சு. ஆனா அது மிதந்து ஏறற பறவை, ரெக்கை அடிச்சே ஏறற வாத்தோட அதை ஒப்பிடறது சரியா வராது.

வாத்துங்க ஏன் அம்பு வடிவத்துல பறக்குது?

முன்னாடி பறக்கற பறவையோட ரெக்கை நுனிக்கு வெளிப்பக்கம் காத்து மேல் நோக்கி எழும்பும், பின்னாடி வர்றது அந்த இடத்துல ரெக்கையை வெச்சா கொஞ்சம் தூக்கிவிடும். இது கணக்குல ரொம்ப நாளா தெரிஞ்சதுதான், நிரூபிக்கறதுதான் கஷ்டம். கூழைக்கடாக்கள் கூட்டமா பறக்கும்போது இதயத்துடிப்பு 11-ல இருந்து 14 சதவீதம் குறையுதுன்னு 2001-ல காட்டினாங்க. 2014-ல ஸ்டீவ் போர்ச்சுகல், ஜிம் அஷர்வுட் குழு ஐரோப்பாவுல மனுஷங்க வளர்த்த 14 வழுக்கைத்தலை அரிவாள்மூக்கன்கள் முதுகுல கருவி கட்டிப் பாத்தாங்க, அந்தப் பறவைங்க ஒரு குட்டி விமானத்தைப் பின்தொடர்ந்து ஆஸ்திரியாவுல இருந்து இத்தாலிக்குப் போக வேண்டியவை. சரியான இடத்துல இருக்கறது மட்டும் இல்ல, முன்னாடி இருக்கறதோட ரெக்கை போன பாதையிலேயே தன் ரெக்கையும் போற மாதிரி அடிக்கற நேரத்தையும் பொருத்துதுன்னு தெரிஞ்சுச்சு.

இவ்ளோ கஷ்டப்படாம இமயமலையைச் சுத்திப் போகலாமே?

மலைத்தொடர் சுமார் 2,400 கிலோமீட்டர் நீளம். அதை விட முக்கியம், இந்த வாத்துங்க குஞ்சு பொரிக்கற இடத்துல பெரிய பகுதி திபெத் பீடபூமியிலேயே இருக்கு, அதோட சராசரி உயரமே 4,500 மீட்டருக்கு மேல. எந்தப் பக்கமா போனாலும் ஏறித்தான் ஆகணும்.

தமிழ்நாட்டுக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம். நாங்குநேரி பக்கம் இருக்கற கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்துல இந்த வாத்துங்க வரும். 2008 கடைசியில அங்கேயும் ஒடிசாவோட சிலிகா ஏரியிலயும் வாத்துகளைப் பிடிச்சு டிரான்ஸ்மிட்டர் கட்டினாங்க, 2011 ஆய்வுல இருக்கற பாதைகள்ல அந்த வாத்துங்களோட பாதையும் உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தோட பாலச்சந்திரன், சத்தியசெல்வம் ரெண்டு பேர் பேரும் அந்த ஆய்வுக் கட்டுரையில இருக்கு. வெளிநாட்டு ஆராய்ச்சின்னு பொதுவா செய்தி போடறவங்க இதைச் சொல்றதே இல்ல, எனக்கு அது வருத்தம்தான். கோடியக்கரை மாதிரி இடங்கள்ல வருஷக்கணக்கா வலை கட்டிப் பறவைகளைப் பிடிச்சு, கால்ல அடையாள வளையம் போட்ட அனுபவம் இல்லாம, காட்டு வாத்தை அடிபடாமப் பிடிக்கற வேலை நடக்காது.

கூந்தன்குளத்துல இன்னொரு விஷயம், ஊருக்குள்ள வீட்டு மரத்துலயே சங்குவளை நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டும். ஊர்க்காரங்க பறவைக்காக வெடி வெடிக்காம இருப்பாங்க. 1994-ல சரணாலயம் ஆச்சு, ஆனா பாதுகாப்பு அதுக்கு ரொம்ப முன்னாடியே ஊர்ல இருந்துச்சு.

இதெல்லாம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?

2005-ல சீனாவோட சிங்ஹாய் ஏரியில ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் வந்து 6,000-க்கும் மேல காட்டுப் பறவைங்க செத்துச்சு, அதுல வரித்தலை வாத்துக்குத்தான் பெரிய அடி. நோய் எந்த வழியா எங்க போகும்னு தெரிஞ்சுக்க வாத்தோட பாதை தெரியணும், சேட்டிலைட் கருவிகளுக்குக் காசு வந்ததுல அந்தப் பயம் ஒரு பெரிய காரணம். அப்புறம், வழியில எந்த ஏரியில தங்கி தின்னு கொழுத்துட்டுப் போகுதுன்னு தெரிஞ்சாத்தான் அந்த ஏரியைக் காப்பாத்த முடியும். ஒரு குளம் வத்திப்போனா அங்க இருக்கற பறவைக்கு மட்டும் நஷ்டம் இல்ல, மலையேற வேண்டிய கொழுப்பே அங்கதான் சேருது.

இந்த வேலைக்கு வரணும்னா என்ன படிக்கணும்?

விலங்கியல்தான் படிக்கணும்னு இல்ல. பயோமெக்கானிக்ஸ் பக்கம் இயற்பியல், மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சவங்க நிறைய பேர் இருக்காங்க, கருவி செய்யறதுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவங்க வேணும், டேட்டாவைப் பிரிக்க புள்ளியியலும் புரோகிராமிங்கும் தெரிஞ்சவங்க வேணும், ஆபரேஷனுக்குக் கால்நடை டாக்டர் வேணும். நம்ம பக்கம் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏவிசி கல்லூரியில வனஉயிரியல் இருக்கு, கோயம்புத்தூர் ஆனைகட்டியில சலீம் அலி மையம் இருக்கு, டேராடூன்ல இந்திய வனஉயிர் நிறுவனம், பெங்களூர்ல தேசிய உயிரியல் அறிவியல் மையம். வீட்ல வேலை கிடைக்குமான்னு கேப்பாங்க, பாதை நேரானது இல்ல, பிஎச்டி வரைக்கும் போகணும், நடுவுல சம்பளம் குறைவு. ஆனா இப்போ பறவை டேட்டா குவிஞ்சு கிடக்கு, அதைப் படிக்கத் தெரிஞ்ச ஆளுங்கதான் குறைவு, கணக்கு பிடிக்கற பசங்களுக்கு இது நல்ல வாய்ப்புன்னு உறுதியா சொல்லுவேன்.

படிப்பெல்லாம் முடிஞ்சிடுச்சு, சும்மா ஆர்வம் மட்டும்தான், நான் என்ன பண்ணலாம்?

பொங்கல் நாட்கள்ல தமிழ்நாடு முழுக்க பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், பக்கத்துல இருக்கற குளத்துல ஒரு 15 நிமிஷம் நின்னு பாத்ததை இபேர்ட்ங்கற பறவைப் பதிவு இணையதளத்துல போட்டாலே அது டேட்டாதான். வாத்துக் கூட்டத்துல கழுத்துல ஆராய்ச்சியாளர்கள் அடையாளத்துக்கு மாட்டின கலர் பட்டையோட ஒண்ணு தெரிஞ்சா விட்டுடாதீங்க, பட்டையோட நிறம், அதுல எழுதியிருக்கற எழுத்து, நம்பர், தேதி, இடம் இதையெல்லாம் குறிச்சுக்கிட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்புங்க, முடிஞ்சா ஒரு போட்டோ. ஆனா போட்டோவுக்காகக் கிட்ட போயி கிளப்பி விட வேண்டாம், பகல்ல அதுங்க தண்ணியில ஓய்வு எடுக்கும், ராத்திரி வயல்ல போய் மேயும். தூரத்துல இருந்தே டெலஸ்கோப்ல படிக்கற மாதிரிதான் அந்த எழுத்தைப் பெருசா போட்டிருக்காங்க.